சுவரில் இல்லாத சொல்

எண்பதுகளின் தொடக்கம். கம்போங் ராஜா என்ற மலையூருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“எங்க வீட்டுச் சுவத்துல ‘கூலி’ங்கிற வார்த்தையே இல்லக்கா.”

“சுவத்துலயா?”

“குளிருக்கு அப்பா பலகைமேல பழைய பேப்பரா ஒட்டுவாருல்ல? எங்க பார்த்தாலும் தொழிலாளின்னுதான் இருக்கும். அந்தக் காலத்துலயே மரியாதையாத்தான் எழுதியிருக்காங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“பரவால்லயே!”

“அப்பா போயி வருசமாச்சு, புதுசா ஒட்டலாம்னு நேத்து கிழிச்சேன். கூலின்னு போட்ட பக்கத்தையெல்லாம் பலகைப் பக்கமா திருப்பி ஒட்டியிருக்காரு.”

“உங்கப்பாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே லா?”

“பேர் எழுதக்கூடத் தெரியாதுக்கா. அந்த ஒரு வார்த்தைய மட்டும் தெரிஞ்சு வெச்சிருக்காரு.”