டம்ளர் விழும் வசனம்

பெருங்களத்தூரில் ஏறிய இருவர் என் எதிரே உட்கார்ந்தார்கள். சீரியலுக்கு வசனம் எழுதும் அம்மாளும் அதன் டைரக்டரும் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“‘ஐயோ, டம்ளர் விழுந்துடுச்சே’ங்கற வரியை ஏன் சார் அடிச்சீங்க?”

“விழறதுதான் ஸ்கிரீன்ல தெரியுதே மேடம். சினிமாவுக்கே எழுதிட்டீங்க, ரேடியோ நாடகப் பழக்கம் இன்னும் போகலையே.”

“போகாது. போகவும் வேணாம். உங்க வீட்ல டிவி எங்க இருக்கு?”

“ஹால்ல.”

“நம்ம சீரியல் ஓடறப்ப உங்க வொய்ஃப்?”

“கிச்சன்ல, தோசை சுட்டுக்கிட்டிருப்பா.”

“கதை தெரியுமா அவங்களுக்கு?”

“ஒண்ணு விடாம சொல்லுவா.”

தாம்பரம் வருவதற்குள் டைரக்டர் அந்த வரியைத் திரும்ப எழுதி, பக்கத்தில் ‘சத்தமாக’ என்றும் சேர்த்திருந்தார்.