இரண்டு அடுக்கு கலர் நெகட்டிவ்

கிரகணத்தன்று எங்கள் வீட்டில் சீக்கிரமே சாப்பிட்டுவிடுவோம், சார். கிரகணம் பிடித்தபின் அடுப்பு பற்றவைக்க என் மனைவி சந்திரகலாவுக்கு மனசு வராது. 2019 டிசம்பர் இருபத்தாறாம் தேதியும் காலை ஏழு மணிக்கே இட்லி அவித்துவிட்டாள். நிலவனுக்கும் ஒரு டப்பாவில் நான்தான் எடுத்துப்போனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நிலவன் கம்மாபுரத்துக்காரன். நிலக்கரி மைன்ஸில் என் ஷிப்ட்தான். நான் பர்மனென்ட், அவன் கான்ட்ராக்ட். என்னிடம் 600 எம்எம் லென்ஸ் இருந்தது, அவனிடம் ஒரு பழைய கேமரா. என் லென்ஸை இரவல் வாங்கி அவன் எடுத்த கொக்குப் படத்துக்கு எங்கள் போட்டோ கிளப்பில் முதல் பரிசு. எனக்கு ஆறுதல் பரிசு. இருபது வருடம் அந்தக் கிளப்புக்கு நாற்காலி தூக்கிப் போட்டவன் நான். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

கிரகணப் பேச்சு வந்ததும், "லென்ஸ் சண்முகசுந்தரத்துது, எடுக்கிறது நிலவன்" என்று செயலாளர் முடித்துவிட்டார். பில்டர் செய்யும் வேலை எனக்கு.

சூரியனைப் பார்க்கவென்றே செய்த பில்டர் ஷீட் ஒன்றுதான் இருந்தது. அதை என் சின்ன லென்ஸுக்கு வைத்துக்கொண்டேன். பெரிய லென்ஸின் வாயை அட்டையால் மூடி, நடுவில் வட்டம் வெட்டி, தெரிந்த போட்டோ ஸ்டூடியோவில் கிடந்த கலர் நெகட்டிவை இரண்டு அடுக்காக ஒட்டினேன். பார்க்கக் கன்னங்கரேலென்று இருக்கும். ஆனால் கண்ணைப் பொசுக்குகிற கதிரை அது தடுக்காது. கூசாது, வலிக்காது. கிரகணப் படம் எடுப்பது பற்றி நான் வாங்கிய புத்தகத்தில் அந்த வரியின் கீழ் நானே கோடு போட்டிருந்தேன்.

மைதானத்தில் நிலவன் வ்யூபைண்டரில் கண் வைத்தான். "ஒண்ணும் கூசலண்ணே. நெலாவப் பாக்குற மாதிரிதான் இருக்குது."

"அப்ப நிதானமா பாருப்பா. போகஸ் முக்கியம்."

நான் சொன்னதில் பொய் எது? ஒரு கண் அலுத்தால் மறு கண்ணை வைத்து, இரண்டு மணி நேரம் பார்த்தான். நடுவில் எழுந்து இடம் விட்டான். "நீங்களும் ஒருவாட்டி பாருங்கண்ணே, நான் மட்டும் பாத்துக்கினு இருக்கேன்." வேண்டாம் என்றேன்.

மறுநாள் அவனுக்கு எதைப் பார்த்தாலும் அதன் நடுவே கறுப்பாக ஒரு பொட்டு. ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். ஆறாது என்றார்கள். மெடிக்கலில் தேறாமல் வேலையும் போயிற்று. "அண்ணன் இல்லன்னா நாங்க இன்னா பண்ணியிருப்போம்" என்று அவன் மனைவி செங்கமலம் அழுதாள்.

ஆமாம், தெரிந்துதான் ஒட்டினேன்.

அவன் இன்னும் படம் எடுக்கிறான். "ஷார்ப்பா இருக்குதாண்ணே?" என்று என்னிடம்தான் காட்டுவான். இருக்குது என்பேன். இருக்காது. அதையே போட்டிக்குக் கொடுப்பான்.

இந்த வருடம் முதல் பரிசு எனக்கு. இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள், சார். என் படம் நன்றாக இருந்தது, அதனால் கொடுத்தார்கள்.