மணிக்கயிறு

கதவைப் பூட்டிவிட்டுக் கையுறைகளைக் கழற்றினேன். வெள்ளைப் பருத்திக் கையுறை சீக்கிரம் அழுக்காகும், இன்ஸ்பெக்டர் ஐயா. கரி பட்டால் போகவே போகாது. உள்ளிருந்து டைரக்டர் ஸாண்டர் கதவைத் தட்டினார். "கெர்டா! விளையாடாதே, திற!" கையுறைகளை மடித்துப் பையில் வைத்தேன். பிறகுதான் கதவுக்கடியிலிருந்து மஞ்சள் புகை வந்தது.

முதலிலிருந்தே சொல்கிறேன். பெர்லினில் இந்த ஸ்டூடியோவில் ஆறு வருடமாகக் கையுறை போட்டுப் படச்சுருளை வெட்டி ஒட்டுவது என் வேலை. கடைசியாக வந்தது ஒரு பேய்ப்படம். மூடுபனியில் நின்றுபோன படகு, நான்கு பயணிகள். தாங்கள் செத்த விதத்தை ஆளுக்கொரு கதையாகச் சொல்வார்கள். மூன்றாவது கதை தேவாலயத்தில் மணி அடிப்பவனுடையது. மணிக்கயிறே அவன் கழுத்தைச் சுற்றி மேலே இழுத்துக்கொண்டு போகும். மணியடிப்பவனாக நடித்தவர் என் கணவர் லோரென்ஸ்.

சட்டைக்குள் தோல்வார், முதுகில் கொக்கி. பாரத்தை அதுதான் தாங்கும். கழுத்துக் கயிறு சும்மா பார்வைக்கு. ஓரத்தில் ஒரு கைச்சக்கரம். சுற்றினால் ஆள் மேலே போவார். அன்று கொக்கி நழுவி, பாரம் கழுத்துக் கயிற்றுக்கு வந்தது. லோரென்ஸ் கத்தினார்.

எங்கள் தொழிலில் கத்தலை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஊமைப்படம்தானே, சத்தம் பதிவாகாதே. காதல் காட்சியில் கதாநாயகி கதாநாயகன் காதோரம், "இன்னைக்கும் முட்டைக்கோஸா தின்னே? நாறுது" என்பாள், தியேட்டரில் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். நடிகர்களுக்கு உணர்ச்சி வர வேண்டும் என்று அன்றும் வயலின்காரர் சோகமாக வாசித்துக்கொண்டிருந்தார். ஸாண்டர் மெகாபோனில், "பிரமாதம்! இன்னும் மேலே! இன்னும்!" என்றார். சக்கரம் சுற்றியது. டைரக்டர் சொன்னால் சுற்றத்தான் வேண்டும். சுற்றிய கையைக் குறை சொல்ல முடியாது.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் அந்தக் காட்சியின் படத்துண்டு என் மேஜைக்கு வந்தது.

"இதை எடுத்துடலாம் ஸார்" என்றேன்.

"எதை? இப்படியொரு சாவை பெர்லினே பார்த்ததில்லைம்மா. லோரென்ஸ் இருந்தா அவனே விடமாட்டான். நடிகனாச்சே!"

"அவர் நடிக்கலை ஸார்."

"அதனாலதான் நல்லா வந்திருக்கு."

ஸாண்டர் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சிரித்தார். "ஓரத்தைப் பத்திக் கவலைப்படாதே. ஜனங்க கயித்தைத்தான் பாப்பாங்க."

அந்தச் சிரிப்பில்தான் முடிவு செய்தேன்.

எங்கள் அறையில் சுருட்டு கூடாது. ஒரு பொறி போதும், படச்சுருள் வெடிமருந்து மாதிரி. ஆறு வருடமும் வாசலிலேயே அவர் சுருட்டைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் போட்டிருக்கிறேன். "என் பொண்டாட்டிகூட இந்த மிரட்டு மிரட்ட மாட்டா" என்பார். நேற்று மத்தியானம் பிடுங்கவில்லை. வாளியையும் எடுத்துவிட்டேன். மூலச் சுருள், பிரதிகள் எல்லாவற்றையும் டப்பாவிலிருந்து எடுத்துத் தரையில் பரப்பியிருந்தேன். மூன்றாம் கதையில் ஒரு கீறல் என்றேன். குனிந்து பார்த்தார். நான் வெளியே வந்தேன். கதவைத் தட்ட அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டிருக்கிறது. சுருட்டைக் கீழே போட்டிருப்பார்.

என் பெயரைப் பதினோரு முறை சொன்னார். எண்ணினேன்.

ஆளைப் பழிவாங்கினாய், சரி, படத்தையும் ஏன் எரித்தாய் என்கிறீர்கள். அந்தத் துண்டின் இடது ஓரத்தில் சக்கரம் தெரியும். சுற்றுகிற இரண்டு கைகளும் தெரியும். போருக்குப் பிறகு ஸ்டூடியோவில் ஆள் பற்றாக்குறை, ஐயா. யார் சும்மா நின்றாலும் வேலைக்குக் கூப்பிடுவார்கள். அந்தக் கைகளில் வெள்ளைப் பருத்திக் கையுறை.

லோரென்ஸின் உதடுகளும் தெளிவாகத் தெரியும். "கெர்டா, நிறுத்து." ஒரே முறைதான் சொன்னார். நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இன்னும் நாலு சுற்று சுற்றினேன்.

அந்தக் கதையில் கெர்டா என்று யாரும் இல்லை.