பேட்டரிப் பையைத் தைக்கச் சொன்னவர்

சாட்சி பதினெட்டு வயது நிரம்பாத பெண் என்பதால் அவருடைய பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதி உறையில் வைக்கப்பட்டுள்ளன. பெண் காவலர் உடனிருக்க, சாட்சி சொல்லச் சொல்ல இது எழுதப்பட்டது. சாட்சி மிகவும் தணிந்த குரலில் பேசியதால் சில இடங்களில் மறுபடி கேட்டு எழுதப்பட்டது.

எனக்கு வயது பதினாறு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியும். மீன் பெட்டிகள் வைக்கும் குளிர்கிடங்கில், முன்னறையில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறேன். இறந்துபோனவர் என் அப்பாவின் தங்கை. அத்தை என்று கூப்பிடுவோம். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னையும் அக்காவையும் வளர்த்தது அவர்தான். இப்போது காவலில் இருப்பது என் கூடப்பிறந்த அக்கா. அத்தையும் அக்காவும் கிடங்கின் உள்ளறையில் பெட்டி அடுக்குவார்கள். மூன்று பேரும் ஒரே அறையில் குடியிருந்தோம்.

உள்ளறையில் கொஞ்ச நேரம் நின்றாலே புருவத்தில் பனி பிடித்துவிடும். அதனால் உள்ளே வேலை செய்கிறவர்களுக்குக் கம்பெனியில் சூடு தரும் சட்டை கொடுத்தார்கள். அது கை இல்லாத சட்டை. முதுகுத் துணிக்குள் ஒயர் ஓடும். இடுப்புக்கு மேலே, பின்பக்கம் ஒரு சின்னப் பை, அதற்குள் பேட்டரி. சுவிட்ச் மார்புப் பக்கம் இருக்கும். அதன் மேல் கம்பெனி கோட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாள் அத்தை அதைப் போட்டு சுவிட்சை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏண்டி, கட்டுனவன் ஒரு நாளும் குடுக்காத கதகதப்ப இது குடுக்குதே" என்றார். அதன் பிறகு எல்லாப் பெண்களும் அந்தச் சட்டையை மாப்பிள்ளை என்றுதான் சொன்னார்கள். யாராவது சார்ஜ் போட மறந்துவிட்டால், "என்னடி, மாப்பிள்ளை கோச்சுக்கிட்டாரா?" என்று கேட்பார்கள். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று கேட்டார்கள். எழுதுங்கள் என்று சொன்னேன். சம்பவத்தன்று முதலில் நாங்கள் சிரித்தது இதனால்தான்.

சட்டையின் உள்ளே எச்சரிக்கை அச்சடித்த துணித்துண்டு ஒன்று இருந்தது. அக்கா கேட்டதால் நான் அதைப் படித்துச் சொன்னேன். பேட்டரி நனையக் கூடாது, நசுங்கக் கூடாது, உப்பினால் பயன்படுத்தக் கூடாது, சூடு மிஞ்சினால் உடனே வெளியே எடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. "சூடு ஜாஸ்தியானா பேட்டரிய உருவிடணும், அதானே?" என்று அக்கா கேட்டாள். அதான் என்றேன்.

அதன் பிறகு பேட்டரிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சூப்பர்வைசர் சார் எல்லோரையும் முன்னறைக்கு வரச் சொன்னார். என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் போனுக்கு சார்ஜ் போடுறீங்க. இனிமே பையோட வாயத் தைச்சிடுங்க. ஒயர் நுனி மட்டும் வெளிய தொங்கட்டும், அப்படியே மாட்டி சார்ஜ் போட்டுக்கலாம்" என்றார். "அப்படியே எங்க வாயையும் சேத்துத் தைக்கச் சொல்லிடுங்க சார்" என்று அத்தை சொன்னார். சாரும் சிரித்தார். அக்கா மட்டும், "அவசரத்துக்கு எப்படி சார் எடுக்குறது?" என்று கேட்டாள். "என்ன பெரிய அவசரம்? சொன்னதச் செய்" என்றார்.

அக்காவுக்குத் தைக்கத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். சார் சொன்னதால் அக்கா பைகளின் வாயைத் தைத்தாள். முதலில் சாதாரண நூலில் தைத்தாள். அதை யாரோ பிரித்து ஒரு பேட்டரியை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு சாரே சாக்கு தைக்கும் நைலான் நூலைக் கொண்டுவந்து அக்கா கையில் கொடுத்து, "இதுல தை. எவளும் பிரிக்க முடியக் கூடாது" என்றார். அக்கா எல்லாப் பைகளையும் மறுபடி இரட்டை நூலில் தைத்தாள்.

சம்பவத்துக்கு முந்தின நாள், முதுகில் கல் மாதிரி ஏதோ குத்துகிறது என்று அத்தை சொன்னார். அக்கா சட்டையை சாரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பையின் மேல் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ள பஞ்சு சுருண்டிருக்கு. போட்டுக்கச் சொல்லு" என்றார். பை மூடியிருந்ததால் பேட்டரி உப்பியிருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் லேபிள் ஒட்டாத பெட்டி ஒன்றைத் தேடி நான் உள்ளறைக்குப் போயிருந்தேன். அப்போது அத்தை, "முதுகு சுடுதுடி" என்றார். "மாப்பிள்ளைக்கு இன்னைக்குப் பாசம் ஜாஸ்தி" என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் சிரித்தோம், அத்தையும் சிரித்தார். அதன் பிறகு அவர் சுவிட்சை அணைத்தார். அணைத்தும் சூடு குறையவில்லை. அந்த அறையில் குளிரில் எந்த வாசனையும் மூக்கில் ஏறாது. அன்றைக்கு நகப்பூச்சைத் துடைக்கிற திரவம் மாதிரி ஒரு வாசனை வந்தது. அதன் பிறகு கோட்டுக்குள்ளிருந்து புகை வந்தது.

சட்டையையே கழற்றியிருக்கலாமே என்று கேட்டால், கோட்டின் ஜிப் பாதியில் இறுகிவிட்டது. அத்தையின் கையில் கனமான கையுறை இருந்தது. அக்கா பின்னாலிருந்து கோட்டைத் தூக்கிவிட்டுப் பேட்டரிப் பையைப் பிடித்தாள். பேட்டரியை வெளியே எடுக்க வேண்டும் என்று நான் படித்துச் சொன்னதை அவள் மறக்கவில்லை. தையல் பிரியவில்லை. பெட்டி அறுக்கும் கத்தியை உள்ளே கொண்டுபோகக் கூடாது, அது முன்னறையில் என் மேசையில்தான் இருக்கும். நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தேன். வரும்போது அக்கா மண்டியிட்டு, அத்தையின் முதுகில் முகத்தை வைத்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். நான் கத்தியை நீட்டும்போது சீறுகிற சத்தம் கேட்டது. உடனே தீ வந்தது. அதன் பிறகும் அக்கா பையை விடவில்லை. லாரி டிரைவர் தீயணைப்புக் கருவியோடு ஓடிவந்து அணைத்தார். அதுவரை அத்தை என் பெயரைச் சொல்லி, கிட்ட வராதே என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அத்தை ஒரு தடவைதான் பேசினார். "அவ கைக்கு மருந்து போட்டாங்களா?" என்று கேட்டார். போட்டார்கள் என்றேன். "அவளத் திட்டாத. தையலக் குறை சொல்ல முடியாதுடி" என்றார். சிரிக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன். மறுநாள் காலையில் இறந்துவிட்டார். அத்தை சொன்ன இந்த வார்த்தையை அக்காவிடம் இன்னும் சொல்ல முடியவில்லை. காவலுக்குக் கூட்டிப்போன பிறகு அவளைப் பார்க்க விடவில்லை.

பைகளைத் தைக்கச் சொல்லவே இல்லை, பெண்களே தங்களுக்குள் பேசித் தைத்துக்கொண்டார்கள் என்று சூப்பர்வைசர் சார் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். அது பொய். அவர் சொன்னபோது எல்லோரும் அங்கே இருந்தார்கள், எங்களோடு வேலை செய்கிற ஒரு அக்கா சாருக்குப் பக்கத்திலேயே நின்றார். ஓயாமல் பேசுவதால் அவரை ரேடியோ என்று கூப்பிடுவோம். நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்ல வரும்படி கேட்டேன். "எனக்கு அன்னைக்குக் காது அடைச்சிருந்துச்சும்மா" என்றார். கதவைச் சாத்தும்போது அழுதார். அவருக்கும் அங்கேதான் வேலை.

அக்கா எதுவும் மறுக்கவில்லையே என்று கேட்டால், அவள் மறுக்க மாட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், கட்டுப்போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் தைச்சேன், நான்தான் கொன்னேன்" என்று வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னாள். சார் சொன்னதைச் சொல்லு அக்கா என்று கெஞ்சினேன். "அவரு சொன்னாருடி. கை என்னோடதுதானே" என்றாள். அக்கா தைத்தது உண்மைதான், நானும் பார்த்தேன். ஆனால் அவள் தானாகத் தைக்கவில்லை. எனக்கு வீட்டில் இருப்பது இப்போது அவள் ஒருத்திதான்.

பெண் காவலர் இதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார். படிக்கும்போது, 'அக்கா பைகளின் வாயைத் தைத்தாள்' என்ற வரியில் 'சார் சொன்னதால்' என்பது விடுபட்டிருந்தது. முதலில் நான் சொன்னது அவர்கள் காதில் விழவில்லை. எழுந்து நின்று மறுபடி சொன்னேன். அதைச் சேர்த்தார்கள். சேர்த்த இடத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொல்லவில்லை. எல்லாம் நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும். உண்மை.

(சாட்சியின் கையொப்பம்)