மேல்பல்லும் கண்ணும்

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளவும். பெரம்பலூரிலிருந்து திருச்சி போன கரி பஸ்ஸில், பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரியில் ஓடும் பஸ்ஸில், கேட்டது இது. கன்னம் வீங்கிய ஏழு வயது மகளோடு ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா போற?" என்றார் எதிரே இருந்த தலைப்பாகைக்காரர்.

"பெரியாஸ்பத்திரிக்குண்ணே. இவளுக்குப் பல்லு புடுங்கணும். நாலு நாளா கஞ்சிகூட எறங்கல."

"மேல்பல்லா? புடுங்கினா கண்ணு போயிடும்மா! கண்டங்கத்திரிப் பொகை புடி, பல்லுல இருக்குற புளு வுழுந்துடும்."

"புடிச்சாச்சு. இருமல்தான் வந்துச்சு."

"பொட்டப்புள்ள. கண்ணு போனா எவன் கட்டுவான்?"

தாய் தன் வாயைத் திறந்து காட்டினாள். மேலே இரண்டு பல் இல்லை.

"புடுங்கி ஆறு வருசமாச்சு. ஊசி இருந்தாக் குடுங்கண்ணே, இந்தக் குலுக்கல்லயே நூல் கோத்துக் காட்டுறேன்."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்காமல் தாயிடம் கேட்டாள்:

"ஒனக்கு வலிச்சுதாம்மா?"

"வலிச்சுது. மறுநாளே சோறு தின்னேன்."

இன்றுதான் எழுத முடிந்தது: 1944, ஆவணி 3.