வெறுங்கிண்ணம் கொடுக்காதவன்

பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், சார். ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். கணபதியில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்பிலும் அதே வழக்கம்தான். ஒரு வண்டியிலிருந்து ஏர்பேக்கைத் திருடினால் அந்த இடத்தைக் காலியாக விட்டதில்லை. மில்லில் கழித்துப்போட்ட பஞ்சை அமுக்கி வைத்து, மூடியைப் பொருத்தி, எச்சரிக்கை விளக்கு எரியாதபடியும் செய்துவிடுவேன். இந்தச் சுந்தரராஜுலு வேலையில் ஒரு கீறல் பார்த்தேன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

எடுத்ததை என்ன செய்தாய் என்று கேட்டீர்கள். அடிபட்டு வரும் வண்டிகளுக்குப் போட்டேன். வருகிற எல்லோருக்கும் ஒரிஜினலுக்கு நான் எங்கே போவேன்? சிலருக்கு ஒரிஜினல், சிலருக்குப் பஞ்சு. முட்டாத வரைக்கும் இரண்டும் ஒன்றுதான்.

போன ஆவணியில் என் மகள் ஹர்ஷிணி உக்கடத்தில் ஒரு லாரியின் பின்னால் முட்டிவிட்டாள். ஏர்பேக் பை விரிந்ததால் மூக்கில் சிராய்ப்போடு தப்பினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு தடவை விரிந்த பை மறுபடி உதவாது, மாற்றியாக வேண்டும். கம்பெனியிலிருந்து வர நாளாகும் என்றார்கள். வெளியில் வாங்க மனம் வரவில்லை. வெளியில் என்ன விற்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாதா?

அந்த வாரம் தமிழ்ச்செல்வன் சீட் கவர் மாற்ற வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான மனுஷன். ஹர்ஷிணி வண்டியும் அவர் வண்டியும் ஒரே மாடல்.

"ஏனுங்க, அப்படியே ஏர்பேக்கையும் ஒருக்காப் பாத்துப்போடுங்க. ஊட்டுல அம்மணிக்கு ஏழாவது மாசமுங்க" என்றார்.

"நம்மூட்டு வண்டியாட்டம் பாத்து வெக்கறேனுங்க, சாயங்காலமா வாங்க" என்றேன்.

பார்த்தேன். டிரைவர் பக்கத்துப் பை அருமையாக இருந்தது. அதனால்தான் எடுத்தேன். அவர் தவறாமல் மருதமலைக்குப் போகிறவர் என்பதால், பஞ்சோடு ஒரு திருநீற்றுப் பொட்டலமும் வைத்தேன். வேறு யாருக்கும் அப்படி வைத்ததில்லை.

அவர் வண்டி மதுக்கரைத் திருப்பத்தில் புளியமரத்தில் மோதியது உங்களுக்கே தெரியும். எழவுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி மானசா என்னைப் பார்த்ததும், "நீங்க பாத்துத்தானே குடுத்தீங்க, அப்புறம் ஏனுங்க அது விரியலை?" என்று அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தலையெழுத்தை யார் மாற்ற முடியும் அம்மணி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆமாம், நான்தான் எடுத்தேன். எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். ஹர்ஷிணி வண்டியிலிருக்கும் அந்தப் பையைச் சாட்சிக்காகக் கழற்றுவீர்கள். கழற்றிக்கொள்ளுங்கள், அது சட்டம். ஆனால் அவள் தினமும் மதுக்கரை வழியாகத்தான் வேலைக்குப் போய்வருகிறாள். அந்த இடத்தில் நல்ல ஒரிஜினலாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். பஞ்சை வைத்து அனுப்பிவிடாதீர்கள், சார்.