அத்தா பாயிண்ட்

கம்ப்யூட்டரில் கோப்புகளைத் தேடித் தரும் அந்த மென்பொருளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன், சார். என் தங்கை ரிஃபானாதான் பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுப் பார்த்தாள். பத்து வருடக் கோப்புகளையும் ஒரு நொடியில் சலித்துவிடும் என்றாள். ஜெகதாப்பட்டினத்தில் எனக்கு ஒரு விசைப்படகு. அதன் ரசீதுகளும், மீன் படும் இடங்களின் ஜிபிஎஸ் எண்களும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன.

திங்கட்கிழமை போன படகு செவ்வாய் காலை கரைக்கு வந்திருக்க வேண்டும். ஓட்டிப்போனவர் ரிஃபானாவின் கணவர் சிராஜ். கூட மூன்று பேர். விடிந்ததும் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்.

"மச்சான், இஞ்சின் நின்னுருச்சு. தண்ணி ஏறுது. ஜிபிஎஸ்ஸும் அணைஞ்சுபோச்சு. அத்தா பாயிண்ட்டுலதான் நிக்கிறோம். நம்பரை எடுத்து மீன்துறை ஆபீஸ்ல குடுத்துருங்க."

அது எங்கள் அத்தா, அதாவது தகப்பனார், கண்டுபிடித்த இடம். எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. போகச் சொன்னது நான். எண்ணைக் கொடுத்தால் முதலில் வந்து சேர்வது அந்தப்பக்கத்துக் கடற்படை. ஆட்களைச் சில மாதங்களில் விட்டுவிடுவார்கள், படகை விட மாட்டார்கள். எனக்கு இருந்தது அது ஒன்றுதான். பயந்துவிட்டேன். சிராஜ் கைதேர்ந்த ஆள், இஞ்சினைச் சரிசெய்துகொண்டு வந்துவிடுவார் என்று நினைத்தேன். அதனால் இஞ்சின் நின்றதுவரைதான் கேட்டது என்று அதிகாரிகளிடம் சொன்னேன். எந்த இடத்துக்கு அனுப்பினேன் என்று கேட்டதற்கு, எண் கம்ப்யூட்டரில் எங்கோ இருக்கிறது, கோப்பு அகப்படவில்லை என்றேன்.

அதைக் கேட்டுத்தான் ரிஃபானா ஓடி வந்தாள். சிராஜ் என்று அடித்தாள். ஒன்றும் வரவில்லை. படகின் எண்ணை அடித்தாள். நானூற்றுச் சொச்சம் கோப்புகள் வந்தன. எல்லாம் ஐஸ் ரசீது, டீசல் ரசீது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அவசரத்தில் எழுத்து மாறிப்போகும், அழித்துவிட்டு மறுபடி அடிப்பாள். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அண்ணே, வேற என்ன பேர்ல வச்சிருப்பீங்க? யோசிங்கண்ணே. அவுக தண்ணியில நிக்கிறாக."

"ஞாபகம் வரலம்மா. நீ தேடு" என்றேன்.

ஓர் இடத்தை எந்தப் படகு முதலில் கண்டதோ, அந்தப் படகின் எண்ணில்தான் குறித்து வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். அத்தாவின் படகை உடைத்து எட்டு வருடம் ஆகிறது. அதன் எண் அவளுக்கும் தெரியும், சின்ன வயதில் அதில் ஏறி விளையாடியவள்தானே. புதன்கிழமை முழுக்கத் தேடினாள், அதை மட்டும் அடிக்கவில்லை. நான் கோப்பை அழிக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தேடிப்போன படகுகள் எல்லைக்கு இந்தப்பக்கமே சுற்றின. வியாழக்கிழமை காற்று பிடித்தது. சனிக்கிழமை சிராஜ் மட்டும் கரை ஒதுங்கினார். படகும் போய்விட்டது.

அடக்கம் முடிந்து வந்து, அத்தா படகின் எண்ணை நானே அடித்துப் பார்த்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை, முதல் வரியிலேயே வந்து நின்றது. மென்பொருளில் குறையே இல்லை, சார். ரிஃபானாவுக்குத்தான் சரியாகத் தேடத் தெரியவில்லை.